எங்க நோவு?

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ரேஷன் கார்டில் இருந்தது ஒன்று. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெங்களூரில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திய பெயர் இன்னொன்று. அதைச் சொன்னால் அதியமான்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கே ஆளைத் தெரியாது. எனக்கு அவர் அக்கா. அது போதும்.

நான்கு முறை சாம்பியன் பட்டம் வாங்கியவர். ஒலிம்பிக்கில் வருகிற மல்யுத்தம் இல்லை. டி.வி.யில் வருமே, கயிறு கட்டிய மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டு, கடைசியில் ஜெயித்தவர் தங்க நிறத் தட்டு வைத்த பெல்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாரே, அந்த ரெஸ்லிங். யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசி வைத்ததுதான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பேசி வைத்து ஜெயிப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். உங்களைத் தோளுக்கு மேலே தூக்கி, முதுகு அறைய ஒருவர் கீழே போடப் போகிறார். அது யாராக இருக்க வேண்டும் என்று உங்களையே சொல்லச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்? எங்கள் குழுவில் ஒன்பது பெண்கள். மற்ற எட்டு பேரும் அக்காவைத்தான் சொன்னோம். குழுவை நடத்திய மாஸ்டர் அதைப் பார்த்துத்தான் அவரிடம் பெல்ட்டைக் கொடுத்தார். ஒரு முறை கொடுத்தார், வேறு ஆளுக்கு மாற்றினார், கூட்டம் குறைந்தது, மறுபடியும் அக்காவிடமே வந்தார். இப்படியே நான்கு முறை.

ஆள் உயரம் கிடையாது. தோள் அகலம். குரல் எப்போதும் கரகரப்பாக, பத்து நாள் சளி பிடித்தவர் குரல் மாதிரி இருக்கும். ஓசூர் பஸ் நிலையத்தில் பூப்போட்ட சேலையும், கையில் ஒயர் கூடையுமாக நிற்கும்போது பார்த்தால், சம்பந்தி வீட்டுக்கு விசேஷத்துக்குப் போகிறார் என்று நினைப்பீர்கள். கூடைக்குள் முழங்கால் உறையும் லேஸ் வைத்த பூட்ஸும் இருக்கும். அதற்கு மேல் ஒரு துண்டு, துண்டுக்கு மேல் புளிச்சோற்று டப்பா.

நான் மொரப்பூர் பக்கத்துக் கிராமம். அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் போன் பாகங்களை ஒட்டும் வேலை, கம்பெனி விடுதியிலேயே சாப்பாடு. காலேஜில் கபடி ஆடியவள் என்பதால் உடன் வேலை செய்த ஒருத்தி பெங்களூருக்குக் கூட்டிப்போய் இந்தக் குழுவைக் காட்டினாள். அவள் இரண்டாவது வாரமே பயந்து ஓடிவிட்டாள். நான் தங்கிவிட்டேன். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு ஒரு பல் ஆடியது, இரண்டு முறை கணுக்கால் பிசகியது.

முதல் நாள் நான் மேடைக்குப் பக்கத்தில் முழித்துக்கொண்டு நின்றபோது அக்கா வந்து கேட்ட முதல் கேள்வி, பேர் என்ன என்பது அல்ல.

"எங்க நோவு?"

"எங்கயும் இல்லீங்க."

"இடது காலு நோவுதில்ல. நிக்கிற நிப்புல தெரியுது. நீ தர்மபுரிப் பக்கமா?"

எங்கள் பக்கம் வலி என்று சொல்வதை விட நோவு என்று சொல்வதுதான் அதிகம். கன்னடத்திலும் அது நோவுதான். குழுவில் நாலு பேர் கன்னடக்காரப் பெண்கள், அவர்களிடம் அக்கா "எல்லி நோவு?" என்பார். ஆந்திராக்காரி ஒருத்தி, மணிப்பூரிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது. ஆனால் இந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். இப்படித்தான் அது எங்களுக்குள் ஒரு சட்டம் ஆனது. மேடையில் "அம்மா", "அய்யோ", "செத்தேன்" என்று கத்துவதெல்லாம் பார்க்க வந்த ஜனங்களுக்காக. "நோவு" என்று எதிராளியின் காதோடு சொன்னால் அது நிஜம். அந்த நொடியே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒருத்தியும் அதை மீறியதில்லை, அந்த வார்த்தையை விளையாட்டுக்குச் சொன்னதும் இல்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அக்கா ஒரு சுற்று வருவார். "இன்னிக்கி எங்க நோவு?" ஒருத்திக்குத் தோள், ஒருத்திக்கு மாதவிலக்கு வயிற்றுவலி, ஒருத்திக்குப் பூட்ஸ் கடித்த புண். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஆட்டம் முழுக்க அந்த இடத்தில் அவர் கை படாது. ஆந்திராக்காரிக்கு ஒரு முறை இடது காதில் சீழ் வைத்திருந்தது. இருபது நிமிட ஆட்டம். அக்கா அவளை அறைந்து, உருட்டி, கயிற்றில் மோதவிட்டு, ஊரே கைதட்டும்படி செய்தார். விழுந்த அறை அத்தனையும் வலது பக்கம். எண்ணிக்கொண்டிருந்த எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை.

அவருக்கு எங்கே வலி என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "எனக்கென்ன கேடு" என்பார். ஒரு நாள் ஆட்டம் முடிந்த பிறகு புளிச்சோற்று டப்பாவை என்னிடம் நீட்டி, "இத நீ தொற பாப்பா" என்றார். திறந்து கொடுத்தேன். அவர் விரல்கள் நிமிரவே இல்லை. ஸ்பூனை முஷ்டியால் பிடித்துச் சாப்பிட்டார். மறுவாரம் கேட்டதற்கு, டப்பா மூடி புதுசு, இறுகிப்போச்சு என்றார். அந்த டப்பா எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும்.

மூன்றாவது முறை பெல்ட் வாங்கியபோது அவருடைய ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். இளைஞர்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஒரு சிக்கல்: அக்கா மேடையில் போடும் உடுப்போடு இருக்கும் போட்டோவை ஊர் நடுவில் வைக்க முடியாது, பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள். உடுப்பு இல்லாத போட்டோவில் பெல்ட் இல்லை. யோசித்து யோசித்து, இன்டர்நெட்டில் கோட் சூட்டு போட்டுத் தோளில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்கார ரெஸ்லரின் உடம்பை எடுத்து, அக்காவின் கல்யாண ஆல்பத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டிவிட்டார்கள். கழுத்துக்கு மேலே குங்குமமும் மல்லிகைப்பூவும். கீழே ஆறடி ஆம்பளை, முடி முளைத்த வெள்ளைக் கைகள். "உலக சாம்பியன், எங்கள் ஊர் வீரமங்கை" என்று மேலே எழுதியிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் ரோட்டோரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. "கைய மட்டும் எனக்கு மைதா மாவுல செஞ்சுட்டானுங்க" என்றார். ஆனால் பையன்கள் மனம் நோகுமென்று அதை எடுக்கச் சொல்லவில்லை. உலக என்ற வார்த்தைக்கு மட்டும் மேலே வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார்.

அன்றைக்குப் பாராட்டுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். அக்காவுக்கு மாமா முறை ஒருவர், வெற்றிலையை மென்றுகொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் நெசமாவே அடிக்கறதா, இல்ல சும்மா டிராமாவா? டிராமான்னு எம் பேரன் சொல்றான்."

அக்கா எழுந்து அவரிடம் போனார்.

"மாமா, உங்களுக்கு எங்கயாச்சும் நோவுதுங்களா?"

"வலது முட்டி. வயசாச்சில்ல."

"வேற எங்கயும் இல்லைங்களே?"

இல்லை என்று அவர் தலையை ஆட்டி முடிப்பதற்குள் அக்கா அவரைத் தோளுக்கு மேல் தூக்கியாகிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, வலது கால் தரையில் படாமல் இடது கால் முதலில் ஊன்றும்படி இறக்கி, வேட்டியையும் சரி செய்து விட்டார். மாமா, "டிராமாதான். ஆனா பேஜார் புடிச்ச டிராமா" என்றார். அன்று முழுக்க ஊரில் அந்தப் பேச்சுதான்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகலாம். சொல்லச் சொல்ல எனக்கு சொல்லவேண்டியது தள்ளிப்போகிறது என்ற சந்தோஷமும் இருக்கிறது. போதும்.

எனக்கு பெல்ட் மேல் ஆசை இருந்தது. பேசி வைத்த ஜெயம்தான் என்று தெரிந்தும் ஆசை. கம்பெனியில் என்னை லைன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; மைக்கில் ஒருவர் என் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லி, முந்நூறு பேர் எழுந்து நிற்பதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அதற்குள் வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகச் சொன்னார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், நல்ல குடும்பம். அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை, இந்தக் கூத்தையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கொள்கிறேன் என்று கெஞ்சி அம்மாவிடம் வாங்கினேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் நேராக மாஸ்டரிடம் போனார். திரும்பி வந்து, "உன் கடைசி ஆட்டம் எங்கூட. பெல்ட்டு உனக்கு" என்றார். வைத்திருப்பவரே எழுந்து, என் பட்டத்தை இவளுக்குக் கொடுங்கள் என்று கேட்டது அந்தக் குழுவில் அதுவரை நடந்ததில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஒழுங்கா வுழப் பழகு" என்றார்.

ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்பு விடுதிக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். மேடையில் இருநூறு முறை விழுந்தவள், பாத்ரூமில் விழத் தெரியாமல் விழுந்தேன். பின்கழுத்து தொட்டித் திட்டில் இடித்தது. எழுந்து நடந்தேன், வேலைக்கும் போனேன். ஆனால் இடது பக்கம் திரும்பினால் கையில் மின்சாரம் ஓடுகிற மாதிரி ஒரு சுரீர். ஓசூரில் ஒரு டாக்டர் ஊசி போட்டு, பத்து நாள் அசையாமல் இருக்கச் சொன்னார். நான் ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் நடந்தது பெங்களூர் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் கல்யாணம் நடந்த இடம். தெர்மாகோலில் வெட்டிய மாப்பிள்ளை பெண் பெயர்கள் இன்னும் சுவரில் இருந்தன. எங்களுக்கு உடுப்பு மாற்றக் கொடுத்தது மணமகள் அறை. கண்ணாடி முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி எனக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா வந்தார்.

"எங்க நோவு?"

"எங்கயும் இல்லக்கா."

கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். நானும் கண்ணாடிக்குள்ளேயே அவரைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். "செரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பூட்ஸுக்கு லேஸ் கட்ட ஆரம்பித்தார். எனக்கு உயிர் வந்தது.

ஆட்டம் நன்றாகவே போனது. ஜனங்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கடைசியாக அக்கா என்னைத் தூக்கிப் போட வேண்டும். எல்லோரும் நான் முடிந்தேன் என்று நினைக்கும்போது நான் எழுந்து அவரை மல்லாத்தி, நெஞ்சில் கை வைத்து, ரெஃப்ரி மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிடித்து ஜெயிக்க வேண்டும். இதுதான் பேசி வைத்தது. தூக்கிப் போடும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் முதுகு முழுக்கத் தரையில் அறையும், தலை தப்பித்துவிடும். அக்கா என் இடுப்பைப் பிடித்தார். வழக்கத்தை விட ஒரு மூச்சு நேரம் அதிகமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு தூக்கினார். மேலே போனபோது தாடையை மடக்கப் பார்த்தேன். கழுத்து மடங்கவில்லை.

சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அக்கா குனிந்தபோது, "நோவு" என்றேன். அந்தக் குழுவில் இருந்த இரண்டரை வருஷத்தில் நான் அதைச் சொன்னது அப்போதுதான்.

அவர் முகம் மாறியது. மேடைக்கு அந்தப் பக்கம் இருந்த மாஸ்டரைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அசையாத கண்ணு. தலைய ஆட்டாத. என்னையே பாரு" என்றார். பிறகு அவர் செய்ததை இன்றைக்கு வரை என்னால் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. என் பக்கத்திலேயே மல்லாந்து படுத்தார். என் வலது கையை, இரண்டு விரலால், கழுத்து கொஞ்சமும் அசையாமல் மெதுவாக எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். ரெஃப்ரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தரையைத் தட்டினார். மணி அடித்தது. மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மா இருந்தார். அக்கா கதவோரம் அதே உடுப்புக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். என்ன ஆச்சு என்று அம்மா கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்.

"என் கை தப்பிடுச்சுங்கம்மா."

அம்மா பேசிய பேச்சை எழுத முடியாது. எம் புள்ள வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா என்பதுதான் அதில் கொஞ்சம் சாந்தமானது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் சொல்லியிருக்கலாம். அவங்க கை தப்பல, எனக்கு முன்னாடியே கழுத்துல அடி, நான்தான் மறைச்சேன் என்று ஒரே ஒரு வரி. பேச்சு வந்தது, தண்ணி வேணும் என்று கேட்டேனே. அந்த வரி மட்டும் வரவில்லை. அன்று சொல்லாததால் மறுநாள் சொல்ல முடியவில்லை. மறுநாள் சொல்லாததால் மறுமாதம் இன்னும் பெரிதாகிவிட்டது.

கை கால் வந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரலுக்கு மட்டும் உணர்ச்சி முழுசாக வரவில்லை. கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை ஆப்பிளோடு வந்தார்கள், அதோடு சரி. அக்கா குழுவை விட்டு அன்றே போய்விட்டார் என்று மாஸ்டர் போனில் சொன்னார். அக்கா இல்லாமல் யாரும் யாரையும் தூக்கவிடவில்லை. பெண்கள் ஆட்டமே நின்றுபோனது. கணக்குப்படி இன்று வரை அந்தப் பட்டம் என் பெயரில்தான் இருக்கிறது.

ஆறு வருஷம் அப்படியே போனது. அதற்குள் நான் அதியமான்கோட்டையில் ரோட்டோரமாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஆதாருக்கும் பட்டாவுக்கும் ஆட்கள் வருவார்கள், எட்டு விரலால் டைப் அடிப்பேன். அங்கே வந்த அக்காவின் ஊர்க்காரர் ஒருவர்தான் சொன்னார், தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்கு டிபன் கடை போட்டிருக்கிறார்கள், அவரும் வீட்டுக்காரரும் என்று. அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு நாள் கழித்துக் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு. ஒரே ஒரு லாரிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டார். நான் நடந்து வருவதைக் காலிலிருந்து கழுத்து வரை பார்த்தார். உட்கார் என்று கையைக் காட்டினார். ஒரு தோசையைத் தட்டில் போட்டு முன்னால் வைத்தார். நான் சாப்பிடத் தொடங்குவதற்குள்ளேயே சொல்லிவிட்டேன். பாத்ரூம், ஊசி, டாக்டர் சொன்னது, நான் சொன்ன பொய், அம்மா திட்டியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாவற்றையும். மூச்சு வாங்கியது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. ஆறு வருஷமா நான்தான் உங்களப் பழி சொமக்க வெச்சுட்டேன்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் பாப்பா."

"என்ன தெரியும்?"

"உங்கழுத்து. உன் ஜடைய நீயேதான போட்டுக்குவ. அன்னிக்கி அவகிட்ட குடுத்துட்டு குந்தியிருந்த. நா பின்னால வந்து நின்னேன், நீ திரும்பல. கண்ணாடில பாத்துச் சொன்ன. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா தூக்குனீங்க?"

"இன்னொருக்கா கேட்டிருந்தா சொல்லிருப்ப. கேக்கல. தூக்கறதுக்கு முன்னால கொஞ்சம் நின்னேன். நீயே சொல்லிடுவன்னு பாத்தேன். சொன்னா நிறுத்தணும். நிறுத்திட்டா உனக்கு அந்தப் பெல்ட்டு இல்ல. அதுக்கப்புறம் கண்ணாலம் பண்ணிப் போயிடுவ." அடுப்பைத் தணித்தார். "உனக்கு அது கெடைக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆசையா இருந்துச்சு. ஊசி போட்டுருப்பா, தாங்கிக்குவான்னு மனசத் தேத்திக்கிட்டேன். எல்லாரையும் கேக்கற நான், உன்ன மட்டும் கேக்காம வுட்டேன். அதான் உங்கம்மா சொன்னதுக்கெல்லாம் நின்னேன். பொய்யில்ல அது."

அவர் எதையும் மறைக்கவில்லை. என் காலில் விழவும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு நின்றார். நான் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்கும் அதே ஆசைதானேக்கா, அதனாலதானே மறைச்சேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றைத்தான் விரும்பினோம், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். ஆனால் எனக்கு வந்தது கோபம். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது, நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் விரல், என் கழுத்து, என் வாழ்க்கை என்று உள்ளே ஓடியது. நான் சொன்ன பொய் எனக்கு அந்த நேரத்தில் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

"அப்ப எங்கம்மா திட்டுனது சரிதான்" என்றேன்.

"ஆமா" என்றார்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தோசை அப்படியே இருந்தது. அவர் கூப்பிடவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோபம் அதியமான்கோட்டை வருவதற்குள்ளேயே பாதி போய்விட்டது, மீதி ஒரு வாரத்தில் போய்விட்டது. அடுத்த வாரம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று நாளைத் தள்ளினேன். கழுத்தைக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேலத்துக்குப் போகிறேன். பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். கணவாய் இறக்கத்தில் வேகமாகப் போய்விடும், தகரக் கூரை தெரிந்து மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும், திரும்பி வரும்போது இறங்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் பஸ் நின்றது சரியாக அந்தக் கடைக்கு எதிரில். நான் இடது பக்க ஜன்னலோரம் இருந்தேன். அக்கா ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, நின்ற வண்டிக்காரர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டியாக வந்தார். எங்கள் பஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

மற்றவர்களாக இருந்தால் முகத்தை மட்டும் லேசாக அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கவனிக்கவில்லை என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். எனக்குக் கழுத்து திரும்பாது. முகத்தைத் திருப்ப வேண்டுமானால் இடுப்பிலிருந்து உடம்பையே திருப்ப வேண்டும். சீட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து இடம் விட, முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

பஸ் அங்கேயே இன்னும் கால் மணி நேரம் நின்றது. இறங்கியிருக்கலாம்.